ஸ்டூல் இருக்கிறது, குந்தத்தான் முடியாது

எங்கள் நூம்பலில் கடை வேலைக்குப் போகும் பெண்களிடம் யாரும் "எங்கே வேலை செய்கிறாய்?" என்று கேட்பதில்லை. "எந்தக் கடையில நிக்கிற?" என்றுதான் கேட்பார்கள். பதிலும் அப்படியே வரும்: "பூந்தமல்லியில ஜவுளிக்கடையில நிக்கிறேன்." வேறெந்த வேலைக்கும் இந்த வினைச்சொல் இவ்வளவு சரியாகப் பொருந்தாது. நிற்பதுதான் வேலை. துணியை எடுத்துக் காட்டுவதும், காட்டியதை மடித்து வைப்பதும் அதற்கு நடுவே நடப்பவை.

என் பெரியம்மா மகள் பதினொரு வருடமாக நிற்கிறார். காலை ஒன்பதரைக்குக் கடையில் இருக்க வேண்டும். இரவு ஒன்பதரைக்கு ஷட்டர் இறங்கும். அதன் பிறகு கலைந்து கிடக்கும் துணியை எல்லாம் அடுக்கிவிட்டு, பை சோதனை முடிந்து, ஷேர் ஆட்டோ பிடித்து வேலப்பன்சாவடியில் இறங்கி வீடு வந்து சேரப் பத்தே முக்கால் ஆகும். போன மாதம் ஒருநாள் எங்கள் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து உப்புப் போட்ட வெந்நீர் வாளியில் கால்களை விட்டிருந்தார். கெண்டைக்காலில் நரம்பு நீலமாகச் சுருண்டு புடைத்திருந்தது. நான் பல்கலைக்கழகத்தில் படிக்கிறவன் இல்லையா, படித்ததைச் சொன்னேன்: "கடையில உட்கார நாற்காலி குடுக்கணும்னு சட்டமே வந்துடுச்சேக்கா?"

அக்கா சிரித்தார். "ஸ்டூலு கீதுடா. ஃப்ளோருக்கு ரெண்டு போட்டுக்கறாங்க. குந்தத்தான் முடியாது." ஒரு ஸ்டூலின் மேல் டேபிள் ஃபேன் வைத்திருக்கிறார்களாம். இன்னொன்று கேமராவுக்கு நேர் கீழே. அதில் உட்கார்ந்த பெண்ணுக்கு அந்த வாரமே வேறு மாடிக்கு மாற்றம்.

அந்தச் சட்டத்தின் கதையிலிருந்து தொடங்குகிறேன். 2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி.கணேசன் ஒரு திருத்த மசோதாவைக் கொண்டுவந்தார். 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்ற பிரிவு சேர்ந்தது. எல்லா நிறுவனங்களிலும் ஊழியர்கள் அனைவருக்கும் தகுந்த இருக்கை வசதி இருக்க வேண்டும். வேலையின் நடுவே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் அதைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். சாரம் இவ்வளவுதான். இங்கிலாந்தில் பெண் விற்பனையாளர்கள் மூன்று பேருக்கு ஓர் இருக்கையாவது வேண்டும் என்று சட்டம் வந்தது 1899இல். நம் ஊருக்கு அந்த ஸ்டூல் வந்து சேர 122 வருடம் ஆகியிருக்கிறது. பரவாயில்லை, வந்ததே. ஆனால் "வாய்ப்புக் கிடைக்கும்போது" என்பதை யார் முடிவு செய்வது? வாடிக்கையாளர் இல்லாத நேரம் வாய்ப்பா, அல்லது துணி மடிக்க வேண்டிய நேரமா? சூப்பர்வைசருக்கு அது மடிக்கும் நேரம். அக்காவுக்கு அது உட்காரும் நேரம். இந்த வழக்கைத் தீர்க்கக் கடைக்குள் ஆள் இல்லை. இருக்க வேண்டிய ஆளின் பெயர் சங்கம்.

கேரளத்தில் இதே சட்டம் வேறு வழியாக வந்தது. கோழிக்கோடு மிட்டாய்த் தெரு நமது ரங்கநாதன் தெருவைப் போல ஒரு கடைத்தெரு. அங்கே தையல் வேலை செய்த விஜி என்ற பெண் பிற கடைப் பெண்களோடு சேர்ந்து 'பெண்கூட்டு' என்ற அமைப்பைத் தொடங்கினார். முதலில் கேட்டது இருக்கை அல்ல, கழிப்பிடம். தெரு முழுக்கக் கடைகள், ஒதுங்க ஓரிடம் இல்லை. பகலெல்லாம் தண்ணீர் குடிக்காமலே இருந்து சிறுநீர்த் தொற்றோடு வீட்டுக்குப் போன பெண்கள் அவர்கள். பெரிய சங்கங்கள் தங்களைப் பொருட்படுத்தாததைப் பார்த்து, அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கென்று தனிச் சங்கமே கண்டார்கள். 2014 இறுதியில் திருச்சூரில் ஒரு பெரிய புடவைக் கடையின் பெண்கள் சிலர், சங்கத்தில் சேர்ந்ததால் இடமாற்றம் செய்யப்பட்டபோது, கடை வாசலில் நூறு நாட்களுக்கு மேல் உட்கார்ந்தார்கள். உட்கார உரிமை கேட்டு உட்கார்ந்தே நடத்திய போராட்டம். அதற்குப் பெயரே 'இரிக்கல் சமரம்'. 2018இல் கேரள அரசு சட்டத்தைத் திருத்தியது. அதன்பின் நம் மாநிலத் தொழிலாளர் ஆலோசனைக் குழு 2019இல் ஒப்புதல் தந்து, 2021இல் சட்டமானது.

அங்கே போராட்டத்தின் பின்னால் சட்டம் வந்தது. இங்கே சட்டம் மட்டும் வந்தது. அதனால்தான் ஸ்டூலின் மேல் ஃபேன் இருக்கிறது.

தமிழ்நாட்டில் ஏன் கடைகளில் சங்கம் இல்லை என்று கேட்டால் தோழர்கள் சில காரணங்கள் சொல்வார்கள். ஆட்கள் அடிக்கடி மாறுகிறார்கள், கடைகள் சிறியவை, பெண்கள் பயப்படுகிறார்கள். இவற்றில் உண்மை இருக்கிறது. ஆனால் 'சில்லறை வணிகத்தில் சங்கம் நிற்காது' என்பது பொய். நாட்டிலேயே பெரிய சில்லறைக் கடை வலையமைப்புகளில் ஒன்றை நடத்துவது தமிழ்நாடு அரசு. 2003இலிருந்து மதுச் சில்லறை விற்பனையை நடத்தும் டாஸ்மாக்கில் மேற்பார்வையாளர், விற்பனையாளர், உதவி விற்பனையாளர் என்று இருபத்து மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் இருக்கிறார்கள். ஒன்றல்ல, பல சங்கங்கள் இருக்கின்றன. இருபது வருடம் கழித்தும் நிரந்தரம் கேட்டுத்தான் நிற்கிறார்கள் என்பது வேறு விஷயம். நியாயவிலைக் கடை ஊழியர்களுக்கும் சங்கம் உண்டு. சேலை விற்பவர்களுக்கு மட்டும் ஏன் இல்லை?

என் பதிலை ஓர் அனுபவத்தோடு சொல்கிறேன். பெருமைப்படும்படியான அனுபவம் அல்ல.

2011இல் பிளஸ் டூ முடித்துவிட்டு, கல்லூரியில் சேரப் பணம் இல்லாமல் ஒரு வருடம் நெடுஞ்சாலையில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் நின்றேன். வேலை கேட்டுப் போன அன்று மேனேஜர் என் மதிப்பெண்ணைப் பார்க்கவில்லை. "யாரு அனுப்புனது?" என்றார். அப்பாவோடு லாரி ஓட்டிய மாமா ஒருவரின் பெயரைச் சொன்னேன். "வீடு எங்க?" நூம்பல் என்றேன். "நூம்பல்ல எங்க?" சொன்னேன். அவர் தலையாட்டியதிலேயே எனக்கு வேலையும் கிடைத்தது, இடமும் கிடைத்தது: குடோன். என்னோடு அதே வாரம் சேர்ந்து, கூட்டல் கணக்கில் தடுமாறும் ஒரு பையனுக்கு பில்லிங். அவனை அனுப்பியவர் மேனேஜரின் ஊர்க்காரர். நகைப் பிரிவில் யார் நிற்பது, அரிசி மூட்டை யார் தூக்குவது, கழிவறையை யார் கழுவுவது என்பதெல்லாம் எந்தக் காகிதத்திலும் எழுதப்பட்டிருக்கவில்லை. எழுத வேண்டிய தேவையும் இல்லை.

மாதக் கடைசியில் ஸ்டாக் எடுப்பார்கள். குறைகிற பொருளுக்கான பணத்தை எல்லோர் சம்பளத்திலும் பங்கு போட்டுப் பிடிப்பார்கள். 'ஷார்ட்டேஜ்' என்று அதற்குப் பெயர். இழப்புக்காகச் சம்பளத்தில் கை வைப்பதென்றால், அது இன்னாருடைய கவனக்குறைவால் நேரடியாக நேர்ந்தது என்று காட்ட வேண்டும், அவரிடம் விளக்கமும் கேட்க வேண்டும் என்று ஊதியச் சட்டம் சொல்வதை நான் பல வருடம் கழித்துத்தான் படித்தேன். அன்று எங்களுக்குத் தெரிந்தது கோபம் மட்டும். பதினோரு பேர் ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம்.

மேனேஜர் எங்களில் ஒருவரைக்கூடக் கூப்பிட்டுத் திட்டவில்லை. எங்களை அனுப்பியவர்களைக் கூப்பிட்டார். அன்று இரவுக்குள் ஒருவனுக்குச் சித்தப்பாவிடமிருந்து, ஒருத்திக்கு ஊர்ப் பெரியவரிடமிருந்து, இன்னொருவனுக்கு அவன் தங்கையைக் கட்டப் போகும் வீட்டிலிருந்து போன் வந்தது. "நான் சொல்லித்தானே சேத்துக்கிட்டாங்க, என் மானத்த வாங்கிட்டியே." லாரி மாமா எங்கள் வீட்டுக்கு நேரிலேயே வந்துவிட்டார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை, சாப்பிடாமல் எழுந்து போனார். மறுநாள் காலை எட்டுப் பேர் கையெழுத்தைத் திரும்பப் பெற்றிருந்தார்கள். நான் ஒன்பதாவது.

மீதி இரண்டு பேரை அந்த மாதக் கடைசியில் நிறுத்தினார்கள். இருவரும் ஆறு மாதத்துக்கு மேல் வேலை செய்தவர்கள். அப்படிப்பட்டவரைத் தக்க காரணமின்றியும், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கான சம்பளமோ இன்றியும் நீக்கக் கூடாது என்கிறது அதே கடைகள் சட்டத்தின் 41ஆம் பிரிவு. மேல்முறையீட்டுக்கும் வழி இருக்கிறது. எங்களில் ஒருவருக்கும் அது தெரியாது.

சிபாரிசு என்பதை நாம் சின்ன ஊழல் மாதிரிப் பேசிவிட்டுப் போகிறோம். கடையைப் பொறுத்தவரை அது நிர்வாகமேதான். ஆளைத் தேடித் தருவது, அவன் ஓடிப்போகாமல் பார்த்துக்கொள்வது, அவன் வாயை அடைப்பது எல்லாவற்றையும் சொந்தமும் சாதியும் ஊரும் காசில்லாமல் செய்து கொடுக்கின்றன. தென்மாவட்டக் கிராமங்களிலிருந்து பிள்ளைகளைக் கூட்டமாக அழைத்து வந்து விடுதியில் வைத்திருக்கும் கடைகளின் கதையை 2010இலேயே வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' காட்டியது. அழைத்து வருபவர் பெரும்பாலும் அந்தப் பிள்ளைகளின் ஊர்க்காரர். தொழிலாளி முதலாளிக்கு எதிராகக் கை தூக்கும்போது முதலில் அவனுக்கு எதிரே வந்து நிற்பது அவனுடைய மாமா. மாமாவை எதிர்த்துச் சங்கம் கட்ட நம் தொழிற்சங்கப் பாடப்புத்தகங்களில் வழி சொல்லப்படவில்லை.

அந்தக் காகிதத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடையில் கழிவறையும் தரையும் சுத்தம் செய்த ஒரு அம்மா இருந்தார். கான்ட்ராக்டர் மூலம் வந்தவர். எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. எனக்குச் சாப்பாட்டுக்கு ஊறுகாய் கொடுத்தவர். அவரிடம் நாங்கள் கையெழுத்துக் கேட்கவில்லை. வேண்டாம் என்று முடிவு செய்யவில்லை. கேட்க வேண்டும் என்றே யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. குடோனில் போட்டதற்காக உள்ளுக்குள் எரிந்துகொண்டிருந்த எனக்கே.

சென்னையின் தொழிற்சங்க வரலாற்றை ஆய்வுக்காகப் படிக்கும்போதெல்லாம் அந்த வெள்ளைத்தாள்தான் நினைவுக்கு வருகிறது. 1918 ஏப்ரல் 27இல் பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. இந்தியாவின் முறையான முதல் தொழிற்சங்கம் என்று அதைச் சொல்வோம். பின்னி நிறுவனத்தின் பக்கிங்காம், கர்நாடிக் மில் தொழிலாளர்களின் குறைகளைக் கேட்டு அதற்கு அடித்தளம் இட்டவர்கள் செல்வபதி செட்டியார், இராமானுஜலு நாயுடு என்ற இரண்டு சிறு வணிகர்கள். பி.பி.வாடியா தலைவரானார், திரு.வி.க. துணை நின்றார். மூன்றே வருடத்தில், 1921 வேலைநிறுத்தத்தில் அது சாதியின் மேல் மோதி உடைந்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் பெருமளவில் வேலைக்குத் திரும்பினார்கள். புளியந்தோப்பில் அவர்களின் குடிசைகள் எரிந்தன. கலவரம், துப்பாக்கிச் சூடு, சாவு. அக்டோபரில் வேலைநிறுத்தம் தோல்வியில் முடிந்தது. இதை 'ஆதிதிராவிடர் காட்டிக்கொடுத்தார்கள்' என்று சொல்லும் குரல் இன்றும் உண்டு. சங்கம் அவர்களை எந்த அளவுக்குத் தன்னுடையவர்களாக நடத்தியது என்ற கேள்வியை அந்தக் குரல் கேட்பதில்லை. குடிசையை எரித்துவிட்டு ஒற்றுமை கேட்க முடியாது.

1938 பிப்ரவரியில் மன்மாடில் ரயில்வேத் தொழிலாளர்களிடையே பேசிய அம்பேத்கர், பார்ப்பனியம், முதலாளித்துவம் இரண்டையுமே எதிரி என்றார். அதை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறோம். அதே உரையில் அவர் சொன்ன ஒரு சிறு விவரத்தை மேற்கோள் காட்டுவோர் குறைவு. தீண்டப்படாதோர் தண்டவாளத்தில் கேங்மேன்களாகவே நிறுத்தப்படுகிறார்கள், போர்ட்டர் வேலைகூடக் கிடைப்பதில்லை. காரணம், ஸ்டேஷன் மாஸ்டர் போர்ட்டரைத் தன் வீட்டு வேலைக்கும் வைத்துக்கொள்கிறார். வீட்டுக்குள் விட முடியாதவனை எப்படிப் போர்ட்டராக எடுப்பது? இதை எடுத்துப் பேசாத சங்கத்தைத்தான் அவர் கேள்வி கேட்டார். இதே மனிதர் 1943இல் வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, முதலாளிகள் சங்கத்தைக் கட்டாயம் அங்கீகரிக்க வேண்டும் என்று மசோதா கொண்டுவந்தார். அது 1947இல் சட்டமாகியும் நடைமுறைக்கு வரவேயில்லை. சங்கத்துக்குள் சாதியைக் கேள்வி கேட்டவரும், சங்கத்துக்கு அங்கீகாரம் கேட்டவரும் ஒருவரே. நம்மில் பலர் ஒரு பாதி அம்பேத்கரோடு நின்றுவிடுகிறோம்.

சரி, இப்போது என்ன செய்வது? கடை கடையாகச் சங்கம் என்ற யோசனையை விட்டுவிட்டுத் தெருவைச் சங்கமாக நினைக்க வேண்டும் என்பது என் கருத்து. ஒரு நிறுவனத்திலோ தொழிலிலோ சங்கத்தைப் பதிவு செய்யப் பத்து சதவீதம் பேர் அல்லது நூறு பேர், எது குறைவோ அது போதும். ஏழுக்குக் குறையக் கூடாது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் தொழிலுறவுத் தொகுப்புச் சட்டத்திலும் இந்தக் கணக்கு மாறவில்லை. நாற்பது பேர் நிற்கும் கடையில் ஏழு கையெழுத்து போதும். ஆனால் அந்த ஏழு பேரையும் அடையாளம் கண்டு, ஏழு மாமாக்களுக்குப் போன் போட ஒரு மேனேஜருக்கு அரை மணி நேரம் போதும். மதுரவாயலிலிருந்து பூந்தமல்லி வரை நெடுஞ்சாலையின் இரு பக்கமும் உள்ள ஜவுளி, நகை, மளிகை, செருப்பு, செல்போன் கடைகளிலிருந்து நூறு பேர் என்றால், எந்த மேனேஜரிடமும் முழுப் பட்டியல் இருக்காது. ஒரு கடையில் நிறுத்தினால் அடுத்த கடைக்குப் போனாலும் உறுப்பினர் அட்டை கூடவே வரும். ஆள் மாறிக்கொண்டே இருப்பது அப்போது பலவீனம் ஆகாது. மிட்டாய்த் தெருவில் நடந்தது ஏறக்குறைய இதுதான்.

எளிது என்று சொல்லவில்லை. நெடுஞ்சாலையில் இன்னும் கொஞ்ச தூரம் போனால் வரும் சுங்குவார்சத்திரத்தில் 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாட்கள் சாம்சங் தொழிலாளர்கள் நின்றார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்டோர், பின்னால் சி.ஐ.டி.யு. இருந்தும், சங்கத்தின் பெயரில் 'சாம்சங்' என்ற சொல் இருக்கலாமா என்பதில் இழுத்தடித்து, உயர் நீதிமன்றம் வரை போய், 2025 ஜனவரியில்தான் பதிவானது. புதிய சட்டமோ 14 நாள் முன்னறிவிப்பு இல்லாமல் வேலைநிறுத்தம் கூடாது என்கிறது. பாதிப் பேரோ அதற்கு மேலோ சேர்ந்து பேசி ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தாலும் அதுவும் வேலைநிறுத்தம்தான் என்கிறது. பத்துப் பேர் உள்ள கடையில் ஐந்து பேர் ஒரே கல்யாணத்துக்குப் போவதென்றால் இனி யோசித்துத்தான் போக வேண்டும் போலிருக்கிறது.

அப்படி ஒரு தெருச் சங்கம் வந்தால், அதன் முதல் கோரிக்கைப் பட்டியலில் எது முதல் வரி என்பதில்தான் எனக்குக் கவலை. ஸ்டூலா, ஷார்ட்டேஜா, எட்டு மணி நேரமா? எல்லாம் வேண்டும். ஆனால் கான்ட்ராக்டர் மூலம் வந்து கழிவறை கழுவுபவரின் பெயர் உறுப்பினர் பட்டியலில் எத்தனையாவது இடத்தில் வருகிறது என்று பாருங்கள். வராவிட்டால், நாம் இன்னொரு வெள்ளைத்தாளைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறோம். இதை வாசிக்கும் தம்பி தங்கைகளில் பலருக்கு வீட்டிலேயே ஓர் அக்கா ஏதோ ஒரு கடையில் நிற்பார். 22-அ, 41 இரண்டு பிரிவுகளையும் தமிழில் ஒரு துண்டுத்தாளில் அடித்து அவர் கைப்பையில் வைக்க நமக்கு யார் அனுமதியும் தேவையில்லை.

நான் வைத்தேன். அக்கா அதை மடித்து டிபன் பாக்ஸ் பைக்குள் போட்டுக்கொண்டு போனார். இரண்டு வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, வார விடுமுறை ஒத்துவந்த பெண்கள் ஐந்து பேர், வேறு வேறு கடைக்காரர்கள், எங்கள் வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்தார்கள். அக்காவோடு ஆறு. பழைய பில் ஒன்றின் பின்புறத்தில் பெயர்களை எழுதினார்கள். ஏழாவதாக யாரைச் சேர்ப்பது என்று பேச்சு வந்தபோது, தன் கடையில் ஹவுஸ்கீப்பிங் செய்யும் அம்மாவின் பெயரை அக்கா சொன்னார். ஒரு பெண், நல்ல பெண்தான், பேனாவை மூடிக்கொண்டே, "அவங்க வேற மாதிரி வேலையாச்சேக்கா, அவங்களுக்குன்னு தனியா ஏதாச்சும் பாத்துக்கலாமே" என்றார்.

அக்கா அவர் கையிலிருந்து பேனாவை வாங்கித் தானே எழுதினார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அடுத்த செவ்வாய்க்கு எத்தனை பேர் வருவார்கள் என்று கேட்டேன். "ஆறு பேருக்கு டீ போடச் சொல்லு" என்றார். பிறகு, "இல்ல, ஏழு பேருக்கே போடு."